ரத்தம், ஸ்லைடு, கண்ட்ரோல்: லேப் டெக்னாலஜி படிப்பவர்களின் கேள்விகள்

மருத்துவ ஆய்வகப் படிப்பு பற்றி வந்த கேள்விகளில் பாதி, எங்கே சேரலாம் என்பவை. மீதி, சேர்ந்துவிட்டுச் செய்முறை வகுப்பில் மாட்டிக்கொண்டவர்கள் கேட்பவை. இரண்டாவது வகைக்கே இடம் அதிகம் கொடுத்திருக்கிறோம். முதல் வகைக்கான பதில்கள் கல்லூரிகளின் விளக்கக் கையேட்டிலேயே கிடைத்துவிடும்.

*

பிளஸ் டூவில் பயாலஜி குரூப். எம்.பி.பி.எஸ். கிடைக்காது என்று தெரிந்துவிட்டது. டி.எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்ப டிப்ளமோ) இரண்டு வருடம், அதே துறையில் பி.எஸ்சி. எம்.எல்.டி. நான்கு வருடம் என்கிறார்கள். எதில் சேர்வது?
– மாணவி, தேனி

வீட்டுச் சூழ்நிலை இரண்டு வருடத்தில் சம்பளம் வேண்டும் என்று சொன்னால் டிப்ளமோ. இல்லையென்றால் யோசிக்காமல் பி.எஸ்சி. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பட்டப்படிப்பில் மூன்று வருடம் வகுப்பு, ஒரு வருடம் இன்டர்ன்ஷிப். உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், நோய்க்குறியியல், ரத்தவங்கி வேலை எல்லாம் உண்டு. அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மதிப்பெண்ணை வைத்துக் கலந்தாய்வு நடக்கிறது. புதுச்சேரி ஜிப்மரில் சேர நீட் மதிப்பெண் வேண்டும்.

டிப்ளமோ முடித்தவருக்கு ரத்தம் எடுக்கவும் மெஷினில் சாம்பிள் ஓட்டவும் கை சீக்கிரம் பழகிவிடும். ஆனால் எம்.எஸ்சி., வெளிநாடு, தரக்கட்டுப்பாட்டுப் பொறுப்பு ஆகியவற்றுக்குப் பட்டம்தான் கேட்பார்கள். அரசு வேலையில் ஒரு சிக்கல் உண்டு. அறிவிக்கையில் எந்தத் தகுதியின் பெயர் அச்சாகியிருக்கிறதோ அதுதான் செல்லும். பட்டம் பெரிது, டிப்ளமோ சிறிது, ஆகவே பட்டதாரியை எடுத்துக்கொள்வார்கள் என்று நீங்களாகக் கணக்குப் போடாதீர்கள். பழைய அறிவிக்கைகள் நான்கைந்தை எடுத்துப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்க வேண்டாம். சொந்த மருத்துவமனை இருக்கிறதா, ரத்தவங்கி இருக்கிறதா, இன்டர்ன்ஷிப் எங்கே என்று கேளுங்கள். மூன்றுக்கும் நேரான பதில் வராவிட்டால் அடுத்த கல்லூரி.

*

எங்கள் ஊரில் ஒரு நிறுவனம் ஒரே வருடத்தில் லேப் டெக்னீஷியன் சான்றிதழும் வேலை உத்தரவாதமும் தருகிறது. மகனைச் சேர்க்கலாமா?
– ஒரு தந்தை, பெரம்பலூர்

வேண்டாம். தேசிய இணை மற்றும் சுகாதாரப் பணியாளர் ஆணையச் சட்டம் 2021-இல் வந்தது. டெக்னீஷியன், டெக்னாலஜிஸ்ட் என்று பதிவு பெற வேண்டுமானால் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு, அதுவும் இரண்டு முதல் நான்கு வருடங்களில் செமஸ்டர் பிரித்து நடத்தியதாக இருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். ஒரு வருடச் சான்றிதழ் அந்த வரையறைக்குள் வராது. எந்தப் பல்கலைக்கழகத்தோடு அல்லது அரசுத் துறையோடு இணைப்பு என்று எழுத்தில் கேளுங்கள். "எங்கள் போர்டே தனி" என்று பதில் வந்தால் புரிந்துகொள்ளுங்கள்.

*

ரத்தம் எடுக்கும்போது டியூப்களை ஒரு வரிசையில்தான் நிரப்ப வேண்டும் என்று சொல்லி மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். மாற்றி நிரப்பினால் உண்மையில் என்ன ஆகும்?
– முதலாம் ஆண்டு, கோவை

மனப்பாடம் செய்தது மூன்றாம் வாரம் மறந்துவிடும். காரணம் தெரிந்தால் மறக்காது.

வரிசை இது: பிளட் கல்ச்சர் பாட்டில் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது), இளநீல மூடி, சிவப்பு அல்லது மஞ்சள், பச்சை, ஊதா, சாம்பல். கல்ச்சர் முதலில் வருவது கிருமி கலக்காமல் இருக்க. மற்றவற்றின் வரிசை, ஒரு டியூபில் உள்ள மருந்து ஊசிமுனையில் ஒட்டி அடுத்த டியூபுக்குப் போனால் எது கெடும் என்பதைப் பொறுத்தது.

ஊதா டியூபில் இருப்பது பொட்டாசியம் சேர்ந்த ஈ.டி.டி.ஏ. அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் ரத்தம் உறைவதில்லை. ஊதாவுக்குப் பிறகு சிவப்பை நிரப்பினால் ஈ.டி.டி.ஏ.வின் ஒரு துளி சீரத்தில் (ரத்தம் உறைந்த பின் பிரியும் நீர்) கலக்கும். பொட்டாசியம் ஏறும், கால்சியம் இறங்கும், ஆல்கலைன் பாஸ்பட்டேஸும் இறங்கும், ஏனென்றால் அந்த நொதிக்கு வேண்டிய மெக்னீசியத்தையும் துத்தநாகத்தையும் ஈ.டி.டி.ஏ. கொண்டுபோய்விடுகிறது. பொட்டாசியம் 9.8, கால்சியம் 5 மி.கி. என்று ரிப்போர்ட் வந்து, நோயாளி வெளியே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தால் சந்தேகம் நோயாளி மேல் வரக் கூடாது. இதைவிடப் பெரிய குற்றம், சிவப்பு டியூபில் ரத்தம் போதவில்லை என்று ஊதாவின் மூடியைத் திறந்து கொஞ்சம் ஊற்றிக்கொள்வது. நடப்பதில்லை என்று நினைக்காதீர்கள்.

இளநீல டியூபில் வரிசையைவிட அளவு முக்கியம். ரத்தம் உறையாமல் தடுக்கும் 3.2 சதவீத சிட்ரேட் 0.3 மி.லி. இருக்கும்; அதற்கு ரத்தம் 2.7 மி.லி., அதாவது ஒன்றுக்கு ஒன்பது. 1.5 மி.லி.யோடு நிறுத்தினால் ஒன்றுக்கு ஐந்து ஆகிவிடும். மிஞ்சிய சிட்ரேட், பரிசோதனையில் நாம் சேர்க்கும் கால்சியத்தையும் விழுங்கிவிடும். ஏ.பி.டி.டி. (ரத்தம் உறைய ஆகும் நேரத்தை அளக்கும் சோதனை) நேரம் நீளும். காலையில் நடக்க வேண்டிய அறுவை சிகிச்சை தள்ளிப்போகும். கோடு வரை வராத இளநீல டியூபை வாங்காதீர்கள்.

டார்னிக்கெட் (கையில் இறுக்கிக் கட்டும் பட்டை) ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். "கையை மூடி மூடித் திறங்க" என்று சொல்லும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். தசை வேலை செய்தால் பொட்டாசியம் வெளியே வரும். ஊசியைக் கழற்றாமல் சிரிஞ்சிலிருந்து டியூபுக்குள் பீய்ச்சினால் சிவப்பணு உடைந்து சீரம் ரோஜா நிறமாகும். அப்போது பொட்டாசியம், எல்.டி.எச்., ஏ.எஸ்.டி. (இவை இரண்டும் நொதிகள்) மூன்றுமே பொய் சொல்லும். ஊதா டியூபை எட்டு பத்து முறை மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள், குலுக்காதீர்கள். சிவப்பு டியூப் உறைய அரைமணி நேரம் கொடுங்கள். அவசரப்பட்டு சென்ட்ரிஃபியூஜில் போட்டால் சீரத்தில் நூல் நூலாக ஃபைப்ரின் மிதந்து அனலைசரின் உறிஞ்சுகுழலை அடைக்கும். மிச்சமான நேரத்தைப் போல நான்கு மடங்கு அதைச் சுத்தம் செய்வதில் போகும்.

*

நியூபார் சேம்பரில் (அணுக்களை எண்ணும் கட்டம் போட்ட கண்ணாடி) வெள்ளணு எண்ணினேன், 6,400 வந்தது. பக்கத்தில் இருந்த தோழிக்கு அதே ரத்தத்தில் 7,600. மெஷினில் 7,000. எங்கள் இருவரில் யார் தப்பு? இருவருக்குமே ரெக்கார்டில் சிவப்பு மை.
– இரண்டாம் ஆண்டு, திருநெல்வேலி

தப்பு சிவப்பு மையில்.

கணக்கைப் பார்ப்போம். 20 மைக்ரோலிட்டர் ரத்தமும் 380 மைக்ரோலிட்டர் டர்க் திரவமும் (சிவப்பணுவை உடைத்துவிடும் நீர்ப்பான்) சேர்த்தால் இருபது மடங்கு நீர்த்தல். நான்கு மூலைச் சதுரங்கள், ஒவ்வொன்றும் ஒரு சதுர மில்லிமீட்டர், ஆழம் 0.1 மி.மீ. ஆக நீங்கள் எண்ணியது 0.4 மைக்ரோலிட்டரில் உள்ள அணுக்களை. 20-ஐ 0.4-ஆல் வகுத்தால் 50. அதனால்தான் எண்ணிக்கையை ஐம்பதால் பெருக்குகிறோம். அப்படியானால் 7,000 என்ற விடைக்கு நீங்கள் கண்ணால் எண்ணியிருக்க வேண்டியது 140 அணுக்கள் மட்டுமே.

அணுக்கள் சதுரத்தில் விழுவது மழைத்துளி முற்றத்தில் விழுவதுபோல. எந்தச் சதுரத்தில் எத்தனை என்று யாரும் பங்கு பிரித்துக் கொடுப்பதில்லை. இப்படி விழுபவற்றை எண்ணினால் வரும் இயல்பான ஏற்ற இறக்கம், எண்ணிக்கையின் வர்க்கமூலம். 140-க்கு ஏறக்குறைய 12. அதன் இரு மடங்கு, 24. எல்லாம் சரியாகச் செய்தவருக்கும் 116 முதல் 164 வரை வரலாம். பெருக்கினால் 5,800 முதல் 8,200. நீங்கள் எண்ணியது 128, உங்கள் தோழி 152. இருவரும் உள்ளேதான் இருக்கிறீர்கள்.

வித்தியாசத்தைக் குறைக்க ஒரே வழி அதிகமாக எண்ணுவது. ஒன்பது சதுரத்தையும் எண்ணினால் 315 அணு கிடைக்கும். இரு மடங்கு ஏற்ற இறக்கம் 17 சதவீதத்திலிருந்து 11 சதவீதமாகக் குறையும். அப்போது ஐம்பதால் அல்ல, 22.2-ஆல் பெருக்க வேண்டும்.

உண்மையான தப்புகள் வேறு இடத்தில் நடக்கும். பிப்பெட் முனையின் வெளிப்பக்கம் ஒட்டிய ரத்தத்தைத் துடைக்காமல் விடுவது. துடைக்கும்போது டிஷ்யூ முனையைத் தொட்டு உள்ளிருந்தும் உறிஞ்சிவிடுவது. திரவம் பள்ளத்தில் வழிந்த பிறகும் அதே சேம்பரில் எண்ணுவது. வழிந்துவிட்டால் கவர் ஸ்லிப் தூக்கிக்கொள்ளும், ஆழம் 0.1 ஆக இருக்காது. நிரப்பிய பின் இரண்டு நிமிடம் விடாமல் எண்ணினால் சில அணுக்கள் இன்னும் கீழே இறங்கியிருக்காது. அதிக நேரம் விட்டால் காய்ந்துவிடும். கோட்டில் உட்கார்ந்திருப்பவற்றில் இடது, மேல் கோடுகளில் உள்ளவற்றைச் சேருங்கள்; வலது, கீழ் கோடுகளில் உள்ளவற்றை விட்டுவிடுங்கள். ஒரு மூலையில் 50, இன்னொன்றில் 22 என்று வந்தால் பெருக்கவே வேண்டாம். கழுவிவிட்டுத் திரும்ப நிரப்புங்கள்.

*

என் ஸ்மியர் (ஸ்லைடில் மெல்லப் பரப்பிய ரத்தம்) எல்லாமே நீலமாக வருகிறது. லீஷ்மன் சாயம் புதிதாகத்தான் போட்டிருக்கிறார்கள்.
– டிப்ளமோ மாணவர், ராமநாதபுரம்

எந்தத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? உங்கள் பக்கத்தில் போர் தண்ணீர் என்றால் பதில் அதிலேயே இருக்கலாம். லீஷ்மனுக்கு வேண்டியது 6.8 பி.எச். பஃபர் (அமில, கார அளவை மாறாமல் வைக்கும் கரைசல்). காரம் கூடினால் நீலம் ஓங்கும், ஈயோசினோஃபில் என்ற வெள்ளணுவின் ஆரஞ்சு துகள்கூட மங்கி நிற்கும். அமிலம் கூடினால் எல்லாம் சிவந்து உட்கரு வெளுத்துப்போகும். பஃபர் பாட்டிலில் தாளை நனைத்துப் பாருங்கள், லேபிளை நம்பாதீர்கள்.

பஃபர் சரி என்றால் அடுத்த சந்தேகம் ஸ்மியரின் தடிமன், நேரம், கழுவல். சாயம் மட்டும் இரண்டு நிமிடம். அதிலுள்ள மெத்தனால் அணுவை ஸ்லைடில் பிடித்து வைக்கும். பிறகு இரண்டு பங்கு பஃபர், ஏழு முதல் பத்து நிமிடம். கழுவும்போது சாயத்தைக் கவிழ்த்துவிட்டுக் கழுவாதீர்கள். மேலே மிதக்கும் பளபளப்பு ஸ்லைடில் படிந்து துகளாகிவிடும். தண்ணீரை மெதுவாக விட்டு அதை மிதக்கவிட்டே வெளியேற்றுங்கள்.

சிவப்பணுவுக்குள் கண்ணாடி வளையம்போல ஏதோ மின்னினால் மலேரியா என்று துள்ள வேண்டாம். நுண்ணோக்கியின் திருகைச் சற்று அசையுங்கள். மின்னி மின்னி மறைந்தால் அது ஈரம்: மெத்தனால் காற்றிலிருந்து தண்ணீர் குடித்திருக்கிறது, பாட்டில் மூடி சரியாக மூடவில்லை.

*

எல்லா மருத்துவமனையிலும் அனலைசர் வந்துவிட்டது. சேம்பர், ஸ்மியர் எல்லாம் எதற்கு இன்னும்?
– இன்டர்ன், சென்னை

மெஷினுக்கு எண் தெரியும், அந்த எண் மனித உடம்பில் இருக்க முடியுமா என்று தெரியாது. ஹீமோகுளோபின் 15, சிவப்பணு 4.0 மில்லியன், ஹீமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுவின் சதவீதம்) 36 என்று ஒரு ரிப்போர்ட் வந்தால் கையெழுத்துப் போடுவீர்களா? இயல்பான அணுக்களுக்குச் சிவப்பணுவை மூன்றால் பெருக்கினால் ஹீமோகுளோபின், அதை மூன்றால் பெருக்கினால் ஹீமட்டோக்ரிட், ஏறக்குறைய. இங்கே 12, 36 என்று வந்திருக்க வேண்டும். 15 எங்கிருந்து வந்தது? டியூபைச் சற்று நிற்கவிட்டுப் பாருங்கள். பிளாஸ்மா பால்போல இருக்கும். கொழுப்புக் கலங்கல் ஒளியை மறைத்ததை மெஷின் ஹீமோகுளோபின் என்று எடுத்துக்கொண்டது. கணக்குப் பார்த்தால் எம்.சி.எச்.சி. (சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபினின் அடர்த்தி) 41.7, இயல்பான சிவப்பணுவில் அவ்வளவு ஹீமோகுளோபினை அடைக்க முடியாது.

மாறாகச் சிவப்பணு மட்டும் படு குறைவாக, எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரிப் பருமன்) 118 என்று வந்தால், குளிரில் அணுக்கள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். 37 டிகிரியில் அரைமணி நேரம் வைத்துவிட்டு உடனே ஓட்டுங்கள். பிளேட்லெட் 30,000, ஆனால் ரத்தப்போக்கே இல்லை என்றால் ஸ்மியரின் வால் பகுதியில் கொத்துக்கொத்தாகத் தேடுங்கள். ஈ.டி.டி.ஏ.வில் மட்டும் ஒட்டிக்கொள்ளும் பிளேட்லெட்டுகள் சிலருக்கு உண்டு. சிட்ரேட் டியூபில் திரும்ப எடுத்து, விடையை 1.1-ஆல் பெருக்குங்கள்; அந்தப் பத்தில் ஒரு பங்கு சிட்ரேட் நீர்த்தலுக்கு. டெங்கு சீசனில் இந்த ஒரு ஸ்மியர், தேவையில்லாத பிளேட்லெட் பாட்டில்களைத் தடுக்கும்.

*

காலையில் கண்ட்ரோல் (விடை முன்பே தெரிந்த சோதனை மாதிரி) எல்லைக்கு வெளியே வந்தால் சரியாக வரும் வரை திரும்பத் திரும்ப ஓட்டச் சொல்கிறார் சீனியர். அது முறையா?
– இன்டர்ன், மதுரை

அது தரக்கட்டுப்பாடு அல்ல, தாயம் உருட்டுவது.

குளுக்கோஸ் கண்ட்ரோலின் சராசரி 100, நியமவிலக்கம் 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியாக இயங்கும் மெஷினில்கூட ஏறக்குறைய இருபதில் ஒரு முறை 94-க்குக் கீழோ 106-க்கு மேலோ விழும். அது எச்சரிக்கை மட்டும். ஒரு முறை 109-ஐத் தாண்டினாலோ, அடுத்தடுத்து இரண்டு முறை ஒரே பக்கம் 106-ஐத் தாண்டினாலோ நிறுத்த வேண்டும். 1981-இல் வெஸ்ட்கார்டும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட விதிகள் இவை. பல லேப்களில் சுவரில் ஒட்டியிருக்கும்.

110 வந்தது, திரும்ப ஓட்டினால் 104 என்றால், எது உண்மை என்று உங்களுக்குத் தெரியாது. முதலில் கண்ட்ரோல் குப்பியைப் பாருங்கள். தூளைக் கரைக்க 5 மி.லி. தண்ணீர் சரியான பிப்பெட்டில் ஊற்றப்பட்டதா, அல்லது சிரிஞ்சில் குத்துமதிப்பாகவா? கரைந்த தேதி எழுதியிருக்கிறதா? நேற்று முழுவதும் மேசையிலேயே கிடந்ததா? புதுக் குப்பியிலும் அதே 110 என்றால் ரீயேஜன்ட் (சோதனைக்கான வேதிப்பொருள்), பிறகு கேலிபரேஷன் (மெஷினின் அளவுத் திருத்தம்), பிறகு மெஷினின் விளக்கு. ரீயேஜன்ட் லாட் (ஒரே தொகுதியாகத் தயாரானது) மாறிய நாளிலிருந்து கண்ட்ரோல் எண்களின் வரைபடம் படியேறி நிற்கிறதா, பத்து நாளாக மெல்ல மெல்ல ஏறுகிறதா என்று பாருங்கள். திடீர்ப் படி என்றால் லாட் அல்லது கேலிபரேஷன். மெல்லிய சரிவு என்றால் தேய்ந்துபோகும் விளக்கு அல்லது கெட்டுக்கொண்டிருக்கும் ரீயேஜன்ட்.

சரி செய்த பிறகு பலர் மறப்பது ஒன்று உண்டு. கடைசியாக நன்றாக வந்த கண்ட்ரோலுக்குப் பிறகு போன நோயாளி சாம்பிள்களில் சிலவற்றைத் திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டும். சீனியரிடம் சண்டை போடாதீர்கள். முதல் எண்ணையும் சேர்த்து பதிவேட்டில் எழுதிவையுங்கள், போதும். வேலூர் சி.எம்.சி. நடத்தும் வெளித்தர மதிப்பீடு போன்ற திட்டத்தில் உங்கள் லேப் இருந்தால் மாதக் கடைசியில் அது தானே பேசும்.

*

உயர்தரம் வரை தமிழில் படித்தேன். மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில்தான். சமாளிக்கலாமா?
– மாணவி, வவுனியா

சமாளிக்கலாம். பாடசாலையில் குருதி, நொதியம், கலம் என்று கருத்தாகப் படித்தவருக்குப் புதிதாக வருவது பெயர்தான், விஷயம் இல்லை. சொற்களைப் பட்டியலாகப் படிக்க வேண்டாம். முன்னொட்டு, பின்னொட்டாகப் பிரியுங்கள். 'ஈமியா' என்றால் குருதியில், 'யூரியா' என்று முடிந்தால் சிறுநீரில், 'பீனியா' என்றால் குறைவு, 'சைட்டோசிஸ்' என்றால் பெரும்பாலும் மிகுதி. இருபது ஒட்டுகளோடு பாதி ஹீமட்டாலஜி புத்தகம் திறந்துவிடும். முதல் வருடச் செய்முறைக் குறிப்பை இரண்டு மொழியிலும் எழுதுங்கள். நோயாளியோடு பேசத் தமிழ் எப்படியும் வேண்டும். சிங்களமும் கொஞ்சம் பழகிக்கொண்டால் இடமாற்றம் வரும்போது கைகொடுக்கும்.

*

மகள் லேபில் ஊசி குத்திக்கொண்டாள். பயந்து பிளீச்சிங் தண்ணீரில் கழுவியிருக்கிறாள். என்ன செய்திருக்க வேண்டும்?
– ஒரு தாய், சேலம்

சோப்பும் ஓடும் தண்ணீரும் மட்டும். பிழியக் கூடாது, பிளீச்சிங் கூடாது; புண்ணான தோல் இன்னும் திறந்துகொள்ளும். உடனே பொறுப்பாளரிடம் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். யாருடைய ரத்தமோ அவருக்கு எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி மூன்றும் பார்ப்பார்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரத்துக்குப் பிறகு தொடங்குவதில்லை. 28 நாள் சாப்பிட வேண்டும்.

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறாளா? 0, 1, 6 மாதங்களில் மூன்று ஊசி. மூன்றாவது போட்டு ஒன்றிரண்டு மாதத்தில் ஆன்டிபாடி அளவு பார்த்து, 10-க்கு மேல் இருந்தால் பாதுகாப்பு இருக்கிறது. இதை முதல் வருடம் ரத்தத்தைத் தொடும் முன்பே முடித்திருக்க வேண்டும். போடவில்லை, அந்த நோயாளிக்குத் தொற்றும் இருக்கிறது என்றால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் வேண்டும், முடிந்தால் 24 மணி நேரத்துக்குள். எனவே இதைப் படித்துக்கொண்டிருக்காமல் இன்றே மருத்துவரிடம் போங்கள்.

குத்தியது மூடியைத் திரும்பப் போடும்போதுதானே? ஊசிக்குத் திரும்ப மூடி கிடையாது. நேரே குத்தினாலும் துளைக்காத வெள்ளை டப்பாவுக்குப் போக வேண்டும். சிவப்புப் பையில் சிரிஞ்சு மட்டும்.

*

கிராம முகாமில் காலை 8 மணிக்கு எடுத்த ரத்தம், லேப் வந்து ஓட்டும்போது மதியம் 1. ஒருவருக்கு வெறும்வயிற்றுச் சர்க்கரை 62. ஆள் திடகாத்திரமாக இருக்கிறார். ரிப்போர்ட் கொடுக்கலாமா?
– மூன்றாம் ஆண்டு, தர்மபுரி

எந்த டியூபில் எடுத்தீர்கள் என்று எழுதவில்லை. சிவப்பில் எடுத்துப் பிரிக்காமல் கொண்டுவந்திருந்தால் கொடுக்கக் கூடாது. டியூபுக்குள்ளும் அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் சர்க்கரையைத் தின்னும். காலையில் 95 இருந்திருந்தால் ஐந்து மணி நேரத்தில் 66 முதல் 73 வரை இறங்கியிருக்கும். வெயிலில் நின்ற வேன் என்றால் இன்னும் கீழே.

சாம்பல் மூடி டியூபும் முழுக் காவல் அல்ல. அதிலுள்ள ஃபுளோரைடு, சர்க்கரையை உடைக்கும் சங்கிலியில் கடைசிப் பக்கத்து நொதியான ஈனோலேஸைத்தான் தடுக்கிறது. முன்பக்கத்து வேலை ஓய ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். அதுவரை இழப்பு நடந்துகொண்டேதான் இருக்கும். அதற்குப் பிறகு நிலைத்து நிற்கும். முகாமுக்குச் சாம்பல் மூடியோடு ஐஸ் பெட்டியும் கொண்டுபோங்கள். சிறிய சென்ட்ரிஃபியூஜ் இருந்தால் அரைமணி நேரத்துக்குள் அங்கேயே பிரித்துவிடுங்கள். டியூபில் பெயரோடு எடுத்த நேரத்தையும் எழுதுங்கள்.

இந்த முகாமில் அந்த 62 மட்டுமல்ல, 98 என்று வந்த ஒருவர் இருந்தால் அவரும் சந்தேகத்துக்குரியவர்தான். காலையில் அவருக்கு 130 இருந்திருக்கலாம். அவரையும் திரும்பக் கூப்பிடுங்கள்.